காசிமேட்டு முடிச்சு

முதல் ஹாக்கி டீம் அண்ணன்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நம் கல்லூரி மைதானத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். பேசச் சொல்லி என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். விட்டுப்போனதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வட சென்னைப் பையன் என்றால் ஃபுட்பால் ஆடுவான், இல்லை பாக்ஸிங் கிளவுஸ் மாட்டுவான், அதுவும் இல்லையென்றால் கேரம் போர்டே கதி. ஹாக்கி என்றால் பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பக்கம் ஆங்கிலோ இந்தியர்கள் ஆடுவது என்றுதான் நம்மாட்கள் நினைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டு, ஆள் பற்றாமல் வியாசர்பாடியிலிருந்து இரண்டு ஃபுட்பால்காரர்களை இழுத்துவந்து டீம் கட்டினீர்கள். அவர்கள் பழக்கதோஷத்தில் பந்தைக் காலால் உதைத்து, எதிர் டீமுக்கு எத்தனை ஃப்ரீ ஹிட் வாங்கித் தந்தார்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள்.

1975 மார்ச்சில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து இந்தியா உலகக் கோப்பையை வாங்கியதை டீக்கடை ரேடியோவில் கேட்டிருக்கிறீர்கள். அந்த அணியில் நம் சென்னைக்காரர் வி.ஜே. பிலிப்ஸும் இருந்தார். மறுவருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் ஹாக்கி செயற்கைப் புல்தரைக்குப் போய்விட்டது; இந்தியாவுக்கு ஏழாவது இடம். நீங்களோ அப்போதும் தினமும் விடிகாலையில் வரிசையாகக் குனிந்து மைதானத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். பொறுக்காவிட்டால் பந்து கல்லில் பட்டு எகிறிப் பல்லைப் பதம் பார்க்கும்.

கோல்போஸ்ட் வாங்கக் காசு கிடையாது. 12 அடி அகலம், 7 அடி உயரம் அளந்து சவுக்குக் கட்டையை நட்டீர்கள். வலை, கோல்கீப்பர் அண்ணன் காசிமேட்டிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்த கிழிந்த மீன்வலை. மழை பெய்தால் அதில் கவிச்சி வாடை கிளம்பும், பூனைகள் வந்து சுற்றும். கோல் விழுகிறதோ இல்லையோ, பூனை விழுந்துவிடும் என்பீர்களாம்.

நான் 1993ல் சேர்ந்தபோது அந்த வலை இல்லை. ஸ்டோர் ரூமில் ஒரு கோணிப்பைக்குள் ஏழு ஸ்டிக் கிடந்தது. அதில் ஒரு மல்பெரி ஸ்டிக், கழுத்தில் நெருக்கமாக நூல் சுற்றியது, என் கைக்கு வந்தது. மூன்று வருஷம் அதில்தான் ஆடினேன். சுற்றியது யார் என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கோல்கீப்பர் அண்ணன் கையில் கொடுத்தேன். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. கட்டைவிரலால் நூலைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். “டேய், இது நான் சுத்துனது. எங்கப்பா வலைக்குப் போடுற முடிச்சு.”

அந்த முடிச்சுக்கு நன்றி அண்ணே. பொறுக்கிய கல்லுக்கெல்லாம் நன்றி. மறைந்த மூன்று அண்ணன்களுக்காக வந்து பொன்னாடை வாங்கிக்கொண்ட அண்ணிமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி. அப்புறம், சுண்ணாம்புக்கோடு போட்டுத் தந்த தம்பிகளுக்கும், பிரியாணியில் கணக்குப் பார்க்காத மாஸ்டருக்கும்.

கோல்கீப்பர் அண்ணே, நூல் தளர்ந்திருக்கிறது, திரும்பச் சுற்றித் தருகிறேன் என்று ஸ்டிக்கை வீட்டுக்கு எடுத்துப்போனீர்கள். அடுத்த ஞாயிறு வந்து வாங்கிக்கொள்கிறேன். டீ போதும், மீன்குழம்பெல்லாம் வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். சொன்னாலும் வைத்துவிடுவார்கள் என்று தெரியும்.

உங்கள் தம்பி,
1993 பேட்ச், லெஃப்ட் ஹாஃப்