மோட்டார் கட்டக் கற்றுக்கொடுத்த எல்லோருக்கும் நன்றி

ஏற்காட்டிலும் சேலத்திலும் எனக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருட எலக்ட்ரீஷியன் படிப்பு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. இதை நேரில் வந்து சொல்வதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

பத்தாம் வகுப்பில், அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்ல எங்களை ஒருநாள் உட்கார வைத்தார்கள். பையன்களுக்கு ஐடிஐ, பாலிடெக்னிக் என்று அரைமணி நேரம் விளக்கம், எங்கள் பக்கம் திரும்பி நர்சிங், டீச்சர் டிரெய்னிங், தையல், அவ்வளவுதான். நான் எலக்ட்ரீஷியன் என்று எழுதிக் கொடுத்ததும் "பொம்பளப் புள்ள போஸ்ட் ஏறுவியா?" என்று கேட்டார்கள், வகுப்பே சிரித்தது. நர்சிங் படிக்க ஆசைப்பட்ட ஒரு பையன் என் பக்கத்து வரிசையில் இருந்தான், அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால் முதல் நன்றி எஸ்டேட் வயர்மேன் அண்ணனுக்கு. காபிப் பழம் வரும் மாதங்களில் பழத்தோல் உரிக்கும் பல்பர் மெஷினின் மோட்டார் புகைந்து நின்றால் என்னைக் கூப்பிட்டு, மெயினை அணைத்து டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க விடுவீர்கள். எரிந்த காயிலைப் பிரித்து எத்தனை சுற்று என்று எண்ணச் சொல்வீர்கள். தப்பாக எண்ணினால் திட்டாமல் மறுபடி எண்ண வைப்பீர்கள். ஐடிஐயில் நான் பயப்படாமல் நின்றதற்குக் காரணம் அந்தப் பழக்கம்தான் அண்ணா.

பிளஸ் டூ இயற்பியல் டீச்சர், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் "வசந்தகுமாரி 1993லேயே அரசு பஸ் ஓட்ட வந்துட்டாங்க, உங்க பொண்ணு ஒரு மோட்டாரைப் பிரிச்சா என்னங்க?" என்று கேட்டீர்களே, அன்றைக்கு ராத்திரிதான் அப்பா சரி என்றார். நீங்கள் வராமல் இருந்திருந்தால் நான் இப்போது என்ன செய்துகொண்டிருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை டீச்சர்.

ஐடிஐ அலுவலகத்து அக்கா, புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் கல்லூரிக்கு மட்டும்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் ஐடிஐ சேர்ந்தாலும் உண்டு என்று சொல்லி, விண்ணப்பத்தையும் நீங்களே நிரப்பிக் கொடுத்தீர்கள். விடுதிச் செலவுக்கு அம்மா யாரிடமும் கை நீட்டாமல் இருந்தது அந்தப் பணத்தால்தான்.

அப்புறம் மலைப் பஸ் கண்டக்டர் அண்ணன். ஞாயிறு சாயங்காலம் டூல்ஸ் பையோடு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவும் அது உருளாமல் உங்கள் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வீர்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேச இந்த வருடம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் டீச்சர். வயர்மேன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒரு பழைய ஃபேன் மோட்டாரை மேஜைமேல் வைத்து, பையன் பொண்ணு எல்லோரையும் பிரிக்கச் சொல்லப் போகிறோம். நர்சிங் படிக்கும் அண்ணன் யாராவது கிடைத்தால் அவரையும் கூட்டி வரலாமா?