ஆர்வெல் காட்டிய குழியும் நம் தகவல் உரிமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசின் கண்காணிப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை நினைவுகூர்வது வழக்கமாகிவிட்டது. பிகாரின் மோதிஹாரியில் பிறந்து, பர்மாவில் பிரிட்டிஷ் காவல் துறையில் பணியாற்றி, அதிகாரத்தை உள்ளிருந்தே பார்த்தவர் எழுதி 1949இல் வெளிவந்த அந்த நாவலில், பலரும் எடுத்துக்காட்டுவது ஆட்களை இடைவிடாமல் வேவு பார்க்கும் தொலைத்திரையைத்தான். என்னை அதைவிடக் கலங்கவைப்பது கதைநாயகன் வின்ஸ்டன் ஸ்மித் பார்க்கும் வேலை. பழைய நாளிதழ்ச் செய்திகளை ஆட்சிக்குத் தோதாகத் திருத்திவிட்டு, மூலத்தாளைச் சுவரில் உள்ள குழிக்குள் போட்டு எரியவிடுவது அவருக்கு இடப்பட்ட பணி. குடிமக்களின் முகச்சுளிப்பைக்கூடக் கவனிக்கும் அரசு, தன் செயலுக்குச் சாட்சியாக ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அவர்கள் கையில் விட்டுவைப்பதில்லை.

இதை மனத்தில் கொண்டு, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிறகு வந்த சட்டம் இது. ஆனால் பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கை செய்யும் எந்த அரசு அமைப்பையும் இதன் 17(2) பிரிவு சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்துவிடுகிறது. முறைகேடுகளை விசாரிக்க வேண்டிய தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களையும் மத்திய அரசே நியமிக்கிறது.

இதைவிடக் கவலைக்குரியது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையே திருத்தும் இதன் 44(3) பிரிவு. அந்தச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டபோது, பொதுப்பணிக்குத் தொடர்பற்ற, அல்லது ஒருவரது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்கலாம் என்றும், நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது என்றும் அதன் 8ஆவது பிரிவு சொன்னது. இந்தத் திருத்தத்தால் அந்த வரையறைகள் அனைத்தும் நீக்கப்பட்டு, ‘தனிப்பட்ட தகவல்’ என்ற ஒற்றைக் காரணமே மறுப்புக்குப் போதும் என்றாகிவிட்டது.

1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் நடந்த பொது விசாரணைகளை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அரசுப் பணிகளின் வருகைப் பதிவேட்டை ஊரார் முன்னிலையில் உரக்க வாசித்தபோதுதான், வேலைக்கே வராதவர்களின் பெயரிலும் இறந்துபோனவர்களின் பெயரிலும் கூலி எடுக்கப்பட்டது அம்பலமானது. தகவல் உரிமை இயக்கத்துக்கு உரமூட்டிய அந்தப் பதிவேடு முழுவதும் பெயர்களும் கூலித் தொகையும்தானே! புதிய சட்டத்தின்படி அவை தனிப்பட்ட தகவல் என்று ஓர் அதிகாரி கைவிரித்துவிட முடியும்.

பொதுநலன் கருதித் தகவல் தர, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு இன்னும் இடமளிக்கிறது என்பது அரசுத் தரப்பின் பதில். அது உண்மைதான். ஆயினும் அங்கே ‘வழங்கலாம்’ என்று அதிகாரியின் முடிவுக்கு விடப்பட்டிருப்பதால், யாரிடம் கணக்குக் கேட்கிறோமோ அவரிடமே பொதுநலனையும் மெய்ப்பிக்க வேண்டிய சுமை கேட்பவர் தலையில் விழுகிறது.

தகவல் உரிமைக்கென நாட்டிலேயே முதன்முதலாக, 1997இல், சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. எனவே நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இந்த 44(3) பிரிவை நீக்கவும், 2005ஆம் ஆண்டின் வாசகத்தை அப்படியே மீட்கவும் வரும் கூட்டத்தொடரிலேயே வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி