ஆச்சிக்கு, ஜிங்கனிலிருந்து

ஜிங்கன், ஜெர்மனி
ஆனி மாதம்

அன்புள்ள ஆச்சிக்கு,

நீங்கள் சொல்லச் சொல்லப் பாப்பா எழுதிய கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. அம்மா அனுப்பிய அப்பளக்கட்டும் எள்ளுப்பொடியும் கூடவே வந்தன. கல்லிடைக்குறிச்சியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் ஒரு அப்பளம்கூட நொறுங்கவில்லை. போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. நான் சொல்வதை அம்மா திருப்பிச் சொல்வதற்குள் பாதி விட்டுப்போகிறது. அதனால் இனிமேல் உங்களுக்கு எழுதித்தான் அனுப்புவேன். பாப்பா, அவசரப்படாமல் பைய வாசி. ஆச்சி "என்னட்டி?" என்று கேட்டால் அந்த வரியை மறுபடியும் வாசி.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். இங்கே பல வீடுகளில் ராத்திரிக்கு அடுப்பே பற்றவைப்பதில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, நறுக்கிய வெள்ளரிக்காய், அவ்வளவுதான் சாப்பாடு. எனக்கு அது இறங்காது. இலங்கைத் தமிழர் ஒருவர் கடை வைத்திருக்கிறார், அரிசி அங்கே கிடைக்கிறது. கறிவேப்பிலை வந்தால் எனக்கென்று ஒரு கொத்து எடுத்து வைப்பார். போன ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தேன். முதல் பால், இரண்டாம் பால் என்று பிழிய வழியில்லை, டப்பாவில் வரும் ஒரே பால்தான். இஞ்சியைத் தூக்கலாகப் போட்டேன், அப்பளம் பொரித்தேன். வாசம் படிக்கட்டு வரைக்கும் போனது. பாப்பா விரும்பிச் சாப்பிடும் மேகி இருக்கிறதே, அந்தக் கம்பெனிக்கு இந்த ஊரில்தான் 1887லிருந்து தொழிற்சாலை நடக்கிறது. அவளிடம் சொன்னால் நம்ப மாட்டாள்.

குளிரெல்லாம் இப்போது போய்விட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. நைட் டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்குகிறவளுக்கு அதனால் ஒன்றும் இல்லை. நைட் டியூட்டியை நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ராத்திரியில் வார்டு அமைதியாக இருக்கும், படிப்பதற்கும் நேரம் கிடைக்கும்.

துணைக்கு யார் என்று கேட்டீர்கள். கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார்கள், எண்பது வயதுக்கு மேல். நம் வளவில் முறைவாசல் உண்டே, அதே போல இங்கேயும் வாரம் ஒரு வீடு படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். முறை மாறும்போது பாட்டி ஒரு அட்டையைக் கொண்டுவந்து நம் கதவில் மாட்டிவிடுவார்கள். துடைத்து முடித்ததும் வந்து மூலையில் விரலால் தடவிப் பார்ப்பார்கள். பனி கொட்டுகிற நாளிலும் காலையில் எல்லா ஜன்னலையும் பத்து நிமிடம் திறந்து வைப்பார்கள். காற்று மாறவில்லை என்றால் சுவர் பூசணம் பிடிக்குமாம். ஞாயிற்றுக்கிழமை நான் காலி பாட்டிலைத் தொட்டியில் போடப் போனால் ஜன்னலிலிருந்து ஒரு தட்டு தட்டுவார்கள். அன்றைக்கு அந்தச் சத்தம் கூடாது. முதலில் எனக்கு அவர்களைக் கண்டாலே பயம். இப்போது ராத்திரி வேலைக்கு நான் இறங்கும்போது கதவைத் திறந்து, ஸ்வெட்டர் போட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

அந்தப் பாட்டியோடுதான் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். பாட்டியும் அவர்கள் தங்கையும் ஒரு நாள் பஸ் பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தார்கள். தங்கைக்கு முழங்கால் வீங்கிவிட்டது. இடம் வீணாகப் போகிறது, நீ வா என்று கூப்பிட்டார்கள். எனக்குச் செலவே இல்லை. நாங்கள் போனது சுவிட்சர்லாந்துக்கு. எல்லை தாண்டுகிறோம், பாஸ்போர்ட்டை எடுத்து வைப்போம் என்று நான் பையைத் துழாவுவதற்குள் பஸ் நிற்காமல் அடுத்த நாட்டுக்குள் போய்விட்டது. பணம் மட்டும் மாறுகிறது, அங்கே ஃபிராங்க். பாட்டி அவித்த முட்டையும் ஃபிளாஸ்கில் காபியும் கொண்டுவந்தார்கள், நான் புளியோதரை கட்டிக்கொண்டேன்.

முதலில் ஸ்டைன் அம் ரைன் என்ற சின்ன ஊர். பெரிய ஏரியிலிருந்து ரைன் ஆறு வெளியே இறங்குகிற இடத்தில் இருக்கிறது. ஊர் நடுவில் உள்ள சதுக்கத்தில் வீடுகளின் முன்சுவர் முழுக்கச் சித்திரம், ஆச்சி. ராஜா, ராணி, கழுகு, காளை, வேட்டை எல்லாம் மாடிக்கு மாடி வரைந்திருக்கிறார்கள். சில வீடுகள் 500 வருஷம் பழையவை. குற்றாலத்துச் சித்திரசபையில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவராகக் காட்டிக் கதை சொன்னீர்களே, எனக்கு அந்த நினைப்புதான். இங்கே அதைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஊரைப் பழமை கெடாமல் காப்பாற்றியதற்கு 1972இல் இந்த ஊருக்கு ஒரு பெரிய விருது கொடுத்தார்களாம். அந்த விருதை முதன்முதலில் வாங்கிய ஊரே இதுதான் என்று கூட வந்த வழிகாட்டி சொன்னார். அவர் ரிட்டயரான வாத்தியார். மஞ்சள் துணி கட்டிய குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், நாங்கள் எல்லோரும் பின்னால்.

அடுத்தது ஷாஃப்ஹவுசன். அது பெரிய ஊர். கொஞ்சம் கீழே அருவி இருப்பதால் படகு அதற்கு மேல் போக முடியாது. அந்தக் காலத்தில் ஏரி வழியாக வந்த உப்பு மூட்டையையெல்லாம் இங்கே இறக்கி, வண்டியில் ஏற்றி, அருவியைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி படகில் ஏற்ற வேண்டும். இறக்கக் கூலி, ஏற்றக் கூலி, சுங்கம், கிட்டங்கி என்று அதிலேயே ஊர் பணக்கார ஊராகிவிட்டது. பணம் வந்தவர்கள் தெருவைப் பார்க்க, சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஜன்னல் மாடம் கட்டிக்கொண்டார்கள். அப்படி 171 மாடம் இருக்கிறதாம். ஒவ்வொன்றிலும் மரச் செதுக்கு, கல் செதுக்கு.

மேட்டில் முனோட் என்று வட்டமான ஒரு கோட்டை. 1564இல் தொடங்கி 1589இல் கட்டி முடித்தார்கள். சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி, அகழியில் இப்போது மான் வளர்க்கிறார்கள். கோபுரத்தில் காவல்காரர் ஒருவர் குடியிருக்கிறார். தினமும் ராத்திரி 9 மணிக்கு ஐந்து நிமிடம் மணி அடிப்பார். வாசலை அடைக்கிற நேரம் என்று அந்தக் காலத்தில் அடித்த மணியை இன்றைக்கும் விடவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அந்த மணியைக் கேட்காமல் திரும்பி வந்ததுதான் குறை.

இந்த ஊரில் 1944 ஏப்ரல் 1ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டுவிட்டன. சுவிட்சர்லாந்து சண்டையிலேயே இல்லாத நாடு. ஆனால் ஊர் ஆற்றுக்கு வடகரையில் இருக்கிறது, மேலே இருந்து பார்த்தவர்கள் ஜெர்மனி என்று நினைத்துவிட்டார்கள். 40 பேர் செத்துப்போனார்கள். பிறகு அமெரிக்கா நஷ்டஈடு கொடுத்தது. வழிகாட்டி இதைச் சொன்னபோது பஸ்ஸில் இருந்த வயசாளிகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாட்டி கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார்கள்.

சரி, இனி அருவி. "நம்ம குத்தாலத்தை விடப் பெரிசா?" என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா? உயரத்தில் நம் பேரருவிக்குப் பாதிகூட வராது, 23 மீட்டர்தான். ஆனால் அகலம் 150 மீட்டர். ஒரு ஆறு முழுவதும் அப்படியே மடிந்து விழுகிறது. மலையில் பனி உருகுகிற காலம் இது. கோடையில் நொடிக்கு 6 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுமாம், பனிக்காலத்தில் அதில் பாதிக்கும் குறைவு. வெள்ளையும் பச்சையுமாக அது புரண்டு வருவதைப் பார்த்தால் பேச்சு வராது. நடுவில் ஒரு பாறை அசையாமல் நிற்கிறது. படகில் போய் அந்தப் பாறை மேல் ஏறலாம், அதற்குத் தனி டிக்கெட். நான் ஏறவில்லை. கரையில் நின்றாலே எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

தம்பிக்கு ஒன்று: இந்த அருவியில் எந்த மீனும் மேலே ஏற முடியாது, விலாங்கு மட்டும் ஈரப்பாறையில் ஊர்ந்து ஏறிவிடுமாம். அப்புறம், பக்கத்து ஊரான நொய்ஹவுசனில் 1888இலேயே இந்தத் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுத்து அலுமினியம் செய்தார்கள். பாபநாசத்துத் தண்ணீர் வேகத்தை நம்பித்தானே தாத்தா வேலை பார்த்த மில்லை வெள்ளைக்காரன் விக்கிரமசிங்கபுரத்தில் கட்டினான். தாத்தா இருந்திருந்தால் இதைப் பற்றி நூறு கேள்வி கேட்டிருப்பார்.

எங்கள் ஊரில் அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து நிற்போம் என்று பாட்டியிடம் சொன்னேன். நம்பவில்லை. சோப்பு போட்டா என்று கேட்டார்கள். எண்ணெய் தேய்த்து என்றேன். உச்சியில் எண்ணெய் வைத்து, கழுத்து, தோள், முதுகு என்று தேய்க்கிறதை அவர்கள் கையிலேயே காட்டினேன். தண்ணீர் அதிகமானால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். ஆர்ச்சைத் தொட்டு விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள், போலீஸ்காரர் விசில் அடிப்பார் என்றேன். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி.

எதிர்க்கரையில் லாவ்ஃபன் கோட்டையிலிருந்து படி இறங்கினால், அருவிக்குப் பக்கத்திலேயே ஒரு மேடை இருக்கிறது. பாட்டிக்குப் படி இறங்க முடியாது, நான் மட்டும் போனேன். அங்கே சாரல் முகத்தில் அடித்தது, ஆச்சி. கண்ணை மூடிக்கொண்டேன். ஆடி மாதம் கடையம் வழியாக பஸ்ஸில் போவோமே, தென்காசிக் கோபுரவாசலில் அந்தக் காற்றில் நிற்கவைத்து என் தலையை அவிழ்த்துவிடுவீர்களே. அருவியில் உங்கள் கை நழுவி, ஒன்றும் தெரியாமல் நான் "ஆச்சி, ஆச்சி" என்று கத்தினது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் அப்படியே கத்தினேன். எவ்வளவு பலமாகக் கத்தினாலும் அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடக் கேட்காது. கத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தேன். ஏன் கண் சிவந்திருக்கிறது என்று பாட்டி கேட்டார்கள். தண்ணீர் பட்டது என்றேன். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் ஒரு முட்டையை உரித்துக் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் சாரலுக்கு எப்படியும் வந்துவிடுவேன். நீங்கள் நடக்கிற தெம்போடு இருக்க வேண்டும்.

இனி வருவதைச் சித்தப்பாவையும் அத்தானையும் உட்காரவைத்துக்கொண்டு வாசி, பாப்பா.

கன்னடியன் கால்வாய் வயலைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது, கொடுத்துவிட்டால் என் கடனும் அடையும், தம்பி ஃபீஸும் கட்டலாம் என்று சித்தப்பா சொல்வதாக அம்மா எழுதியிருந்தாள். சித்தப்பா நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார்கள், எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் என்னை அனுப்ப வாங்கின கடனுக்காக அந்த வயல் போகக் கூடாது. பத்து மரக்கால் விதைப்பாடுதான். ஆனாலும் அது ஆச்சிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது, அப்பா கடைசி வரைக்கும் தண்ணீர் பாய்ச்சின வயல். பட்டா ஆச்சி பேரில் இருக்கிறது. ஆச்சி, யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், நான் வருகிற வரைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் படிப்பை இங்கே ஒத்துக்கொண்டதாகப் பேப்பர் வர வேண்டும். அது வரைக்கும் உதவியாளர் சம்பளம்தான், வந்ததும் முழு நர்ஸ் சம்பளம். அதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது, ஐப்பசியில் எழுதுகிறேன். இப்போது வருவதே எனக்குப் போதும், நான் ஒன்றுக்கும் முட்டுப்படவில்லை. அக்கா வளையலை ஆனிக்குள் மீட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தேன். வட்டியை மட்டும் இப்போது கட்டிவிடுங்கள், அத்தான். அசலுக்கு ஆவணியில் அனுப்புகிறேன். அக்காவிடம் நானே பேசுகிறேன். தம்பி ஃபீஸுக்கு உள்ளது 10ஆம் தேதிக்குள் வந்துவிடும், வேறு யாரிடமும் கேட்க வேண்டாம்.

அணை திறந்துவிட்டார்களா? கார் நடவு நடக்கிறதா என்று அம்மா எழுதவில்லை. பிசானப் பருவத்துக்கும் மேலத்தெரு மாமாவிடமே குத்தகைக்கு விடுங்கள், ஆனால் இந்தத் தடவை பணமாக வாங்காமல் நெல்லாக வாங்குங்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட வந்த அத்தையிடம், என் பேரில் மொய் எழுதிவிடுவோம் என்று சொல்லிவிடு, அம்மா.

அப்புறம் ஆச்சியைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காதைக் காட்டுங்கள். எந்தக் காதில் எவ்வளவு கேட்கிறது என்று சீட்டில் எழுதித் தருவார்கள், அதைப் போட்டோ பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும், தம்பி. மிஷின் வாங்குவதைப் பற்றி அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தி