நட்சத்திரம் யார் மனசையும் பார்ப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

‘அவரவர்க்கு அவரவர் உண்மை’ என்று வாதாடும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன், சும்மா இருக்க முடியவில்லை. “எனக்கு அப்படித்தான் தோணுது சார்” என்று பையன்கள் சொன்னால், “சரி, தோணட்டும். தராசு என்ன சொல்லுது பார்” என்பேன். இப்போது தராசையே ‘அது உங்க தராசு’ என்கிறார்கள்.

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். 24 வயது இந்திய வானியற்பியலாளர் சந்திரசேகர் தன் கணக்கைச் சொல்கிறார்: வெண்குள்ள நட்சத்திரம் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம்) ஒன்றின் நிறை சூரியனைப் போலச் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் அது அப்படியே நிலைத்திருக்க முடியாது, உள்ளே சுருங்கிக்கொண்டே போகும். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன், அன்றைய வானியலின் பெரிய தலை. இப்படி அபத்தமாக நடந்துகொள்ள விடாமல் நட்சத்திரத்தைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். கூட்டம் சிரித்தது. எடிங்டன் தன் பக்கத்துக்குக் கணக்கும் சொன்னார்தான். ஆனால் முடிவு பிடிக்காமல் போனபிறகு தேடிய கணக்கு அது என்று எனக்குத் தோன்றுகிறது (ஆமாம், இது என் தோணல்!).

அந்த இளைஞர் எவ்வளவு நொந்திருப்பார்! ஆனால் அவர் நொந்ததால் கணக்கு சரியாகிவிடவில்லை; எடிங்டனுக்குப் பிடிக்காததால் தப்பாகவும் இல்லை. அப்புறம் 1967இல் பல்சார்கள், அதாவது வெண்குள்ளனைவிடவும் நெருக்கமாகச் சுருங்கி, சுழன்றபடி ரேடியோ துடிப்புகள் அனுப்பும் நட்சத்திரங்கள், கண்ணில் பட்டன; அதற்கும் மேல் சுருங்கிய கருந்துளைகளை வானியலாளர்கள் நிஜமாகவே தேடத் தொடங்கினார்கள். 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு. அதைப் பார்க்க எடிங்டன் இல்லை, 1944லேயே போய்விட்டார்.

கட்டுரையில் ஓர் இடம் எனக்கும் சம்மதம். வலிக்கிறது என்பவரிடம் ‘வலிக்கவில்லை’ என்று சாதிக்கக் கூடாது என்கிறாரே, அது. என் மனைவிக்கு ரொம்ப நாளாக முழங்கால் வலி. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதனால் வலி பொய்யாகிவிடுமா? வலிக்கிறதா என்பதற்கு அவர் சொல்வதுதான் சாட்சி. எலும்பு தேய்ந்திருக்கிறதா என்பதற்கு அவர் சொல்வதும் போதாது, நான் சொல்வதும் போதாது; படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். கட்டுரையாளர் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.