பூனை மியூசியத்தை ஒரே வரியில் தள்ளிவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பில் வந்த, போர்னியோ தீவில் உள்ள நம் மலேசிய மாநிலமான சரவாக் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். முலு குகைகள், பாக்கோ தேசியப் பூங்கா, 2022இல் திறந்த போர்னியோ கலாசார அருங்காட்சியகம் என்று எல்லாவற்றையும் ரசித்து எழுதியவர், தலைநகர் கூச்சிங்கில் உள்ள பூனை அருங்காட்சியகத்தை மட்டும் "குழந்தைகள் கூட வந்தால் அரை மணி நேரம் போய் வரலாம்" என்று முடித்துவிட்டார். அங்கே போய் வந்தவள் நான், சும்மா இருக்க முடியவில்லை.

சரி, கிறுக்குத்தனமான இடம்தான். பெத்ரா ஜெயாவில், புக்கிட் சியோல் குன்றின் மேல், கூச்சிங் வடக்கு மாநகர மன்றக் கட்டடத்தில் 1993 முதல் இருக்கிறது. வாசலே ஒரு பெரிய பூனையின் திறந்த வாய். பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற நம் ஆட்கள், அந்த வாய்க்குள் சிரித்துக்கொண்டே வரிசையாக நுழைவது தனி வேடிக்கை. உள்ளே ஏறக்குறைய 4,000 பொருட்கள் என்கிறார்கள். பீங்கான் பூனை, மரப் பூனை, கடை வாசலில் கையை ஆட்டிக் கூப்பிடும் ஜப்பான் பூனை, போஸ்டர், விளம்பரம், பொம்மை, இப்படியே போகிறது. பாதிக்கு மேல் எனக்கே அலுத்துவிட்டது. எகிப்தின் பெனி ஹசனிலிருந்து வந்த பூனை மம்மியும் இருக்கிறது, கூட்டம் அங்கேதான் மொய்க்கிறது.

ஆனால் அந்த இடத்துக்குப் போவதற்கு உண்மையான காரணம் மம்மி இல்லை, போர்னியோ காட்டில் வாழும் ஐந்து வகைக் காட்டுப் பூனைகள். மலாயில் ஹரிமாவ் டாஹான் என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் படைச்சிறுத்தை, சிறுத்தைப் பூனை, உடம்பெல்லாம் பளிங்குக் கல் மாதிரி கோலம் போட்ட பளிங்குப் பூனை, ஆற்றோரத்தில் மீன் பிடித்துத் தின்னும் தட்டைத்தலைப் பூனை, அப்புறம் போர்னியோ செம்பூனை. இந்தக் கடைசிப் பூனை இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் சரவாக்கில் இருந்தபோது அனுப்பிய தோலையும் மண்டையோட்டையும் வைத்து 1874இல் லண்டனில் இதற்குப் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக ஆராய்ச்சியாளர்கள் கைக்குக் கிடைத்ததெல்லாம் சில தோல்களும் மண்டையோடுகளும்தான், 1992இல் ஒரு பெண் பூனை உயிரோடு சரவாக் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தபோது அதுவும் சாகிற நிலையில் இருந்தது. அப்படிப்பட்ட விலங்கு பாடம் செய்யப்பட்டு நம் கண் முன்னால் நிற்கிறது, நாமோ பக்கத்தில் ஹலோ கிட்டி பொம்மையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறோம்! செம்பூனையும் தட்டைத்தலைப் பூனையும் அழியும் ஆபத்தில் உள்ளவை. காடு போனால் இவையும் போகும்.

பூனை என்றால் சரவாக்குக்குச் சொந்தமாக ஒரு கதையே உண்டு, கட்டுரையாளர் அதையும் தொடவில்லை. 1960இல் பாரியோ மேட்டுநிலத்தில் எலித்தொல்லை தாங்க முடியாமல், சிங்கப்பூர் சாங்கியிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படை இருபதுக்கும் மேற்பட்ட பூனைகளைப் பாராசூட்டில் இறக்கியது. பல இடங்களில் 14,000 பூனைகள் என்று எழுதுகிறார்கள், அது பின்னால் ஊதிப் பெருக்கிய கணக்கு. எனக்கு இருபதே போதும், ஒரு பூனையைக் கூடைக்குள் அடைக்க என்ன பாடுபட வேண்டும் என்று வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

எங்கள் குழுவை அழைத்துப்போன சுற்றுலாக்காரரும் இந்த இடத்தைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை, கேக் லாப்பிஸ் எனும் அடுக்கு கேக் கடைக்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்கியிருந்தார். நாங்கள் சிலர் தனியாகக் கிராப் வாடகைக் கார் பிடித்துத்தான் போனோம். தீபகற்பத்திலிருந்து போகும் வாசகர்கள் நகரத்திலிருந்து அப்படியே போகலாம், தூரம் அதிகமில்லை. உள்ளே நுழைந்ததும் பொம்மைகளில் நேரத்தைத் தொலைக்காமல் முதலில் அந்த ஐந்து பூனைகளைப் பார்த்துவிடுங்கள். ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர் பக்கத்தில் இந்த ஐந்தையும் படத்தோடு வாரம் ஒன்றாகப் போடுங்கள். நம் பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்கச் சிங்கம் தெரிகிறது, சொந்த நாட்டுச் செம்பூனை தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிள்ளான்