பிரேக்குக்குக் கால் போகும் அந்த ஒரு நொடி

நகரத் தெருக்களின் வேக வரம்பை முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நானும் தினமும் வண்டி ஓட்டுகிறவன்தான். ஊருக்குள் வேக வரம்பை மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 30-ஆகக் குறையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நின்றிருக்கும் ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை சாலைக்குள் ஓடி வருகிறது. உங்கள் காருக்கும் குழந்தைக்கும் இடையே 14 மீட்டர். கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். எத்தனை வருடம் ஓட்டிப் பழகியவருக்கும் அந்த நொடி வேண்டும். 30-ல் வந்தால் அதற்குள் கார் 8 மீட்டர் ஓடியிருக்கும். அப்புறம் பிரேக் பிடித்தால், காய்ந்த சாலையில் இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடும். குழந்தை பயந்துபோய் அழும், அவ்வளவுதான். 50-ல் வந்தால் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டரும் தீர்ந்துவிடும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்திலேயே குழந்தை நிற்கிறது.

மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 30-ஐவிட 50-ல் அது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. உடம்பு அதைத் தாங்காது.

நேரம் வீணாகும் என்பார்கள். 2 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் கடந்தால்கூட வித்தியாசம் 1 நிமிடம் 36 நொடிதான். உண்மையில் ஊருக்குள் நம் நேரத்தைத் தின்பது சிக்னலும் நெரிசலும்.

இது புதிய யோசனையும் இல்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-லேயே குடியிருப்புத் தெருக்களில் 30-ஐக் கொண்டுவந்தது. திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள நகரத் தெருக்களில் ஸ்பெயின் 2021-ல் இதைச் சட்டமாக்கியது. பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் 30 வரம்பு உள்ள, பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில், 2025 ஜூலை வரையிலான ஓராண்டில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. பிரிட்டனின் வேல்ஸ் 2023-ல் மணிக்கு 20 மைல் (ஏறக்குறைய 32 கிலோமீட்டர்) வரம்பைக் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். உங்களுக்கும் அப்படி எதிர்ப்பு வரும். தயவுசெய்து அதற்காகப் பின்வாங்காதீர்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பலகை நட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அகலமான, நேரான சாலையில் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் கால் தானாக அழுத்தும், என் கால் உட்பட. ஹெல்சின்கி தெருக்களைக் குறுக்கியது, கேமராக்களைக் கூட்டியது, பேருந்தையும் டிராமையும் மேம்படுத்தியது. நடந்து கடக்கும் இடங்களை மேடாக்குங்கள், திருப்பங்களை ஒடுக்குங்கள்.

முதலில் பள்ளி, மருத்துவமனை, சந்தை, குடியிருப்புத் தெருக்கள். எந்தத் தெருவில் எந்தத் தேதியிலிருந்து என்று பட்டியல் வெளியிடுங்கள். மாற்றத்துக்கு முந்தைய ஓராண்டின் விபத்துக் கணக்கையும் பிந்தைய ஓராண்டின் கணக்கையும் அதே பட்டியலில் தெரு வாரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
வண்டி ஓட்டுகிற, நடக்கவும் செய்கிற ஒருவன்