பரீட்சை அட்டை பிடித்த கைகளுக்கு

தேர்தல் தொகுதிகளின் எல்லையை அரசியல்வாதிகளுக்குப் பதில் ஒரு மக்கள் ஆணையம் வரையட்டும் என்ற சட்டத் திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக, 2017இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கையெழுத்து வாங்க என்னோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

2018 நவம்பரிலேயே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. ஆணையம் அமையட்டும், வரைபடம் வரட்டும், ஒரு தேர்தல் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். அதுவும் ஒருவகையில் நல்லதாயிற்று. அன்றைக்கு எழுதியிருந்தால் சிலருடைய பெயரே இதில் வந்திருக்காது.

முதல் நன்றி கேட்டி ஃபேஹிக்கு. 2016 தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், அரசியல் அனுபவம் எதுவும் இல்லாத அந்த 27 வயதுப் பெண் ஃபேஸ்புக்கில் இரண்டே வரி எழுதினார். தொகுதிகளைக் கட்சி லாபத்துக்காக வளைத்து வரையும் ஜெரிமாண்டரிங்கை எதிர்க்கப் போகிறேன், ஆர்வம் இருந்தால் சொல்லுங்கள் என்று. அதைப் பார்த்துச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி. அப்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கான எங்கள் 14ஆவது தொகுதி டெட்ராய்ட்டின் கிழக்கு ஓரத்தில் தொடங்கி, சவுத்ஃபீல்டு வழியாக ஃபார்மிங்டன் ஹில்ஸைத் தொட்டு, பாண்டியாக் வரை பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. மாநிலக் கீழவைக்கு 2012இல் ஜனநாயகக் கட்சிக்குத்தான் மொத்தத்தில் அதிக ஓட்டு விழுந்தது. ஆனால் 110 இடங்களில் 59 குடியரசுக் கட்சிக்குப் போனது. பக்கத்து இல்லினாயில் இதே வேலையை ஜனநாயகக் கட்சி செய்கிறது. யார் கையில் பென்சில் இருந்தாலும் இதுதான் நடக்கும்.

அடுத்து, மனுத்தாளை வைத்துக் கையெழுத்து வாங்கிய அட்டைகளைச் செய்து தந்த தச்சருக்கு. சட்டத் திருத்தத்தின் முழு வாசகமும் மனுவிலேயே அச்சாகியிருந்ததால், விரித்தால் செய்தித்தாள் போல இருக்கும். கடையில் வாங்கிய அட்டையில் அது நிற்காது, காற்றில் பறக்கும். ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர் ஒட்டுப்பலகையை அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிளிப் பொருத்திக் கொடுத்தார். நம் ஊர்ப் பரீட்சை அட்டையின் அண்ணன் மாதிரி இருந்தது. காசு வாங்கவே இல்லை.

கவுண்டிக்கு, அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரியானதுக்கு, ஒரு கட்டு என்று தாள்களைப் பிரித்து அடுக்கிய தங்கைகளுக்கு நன்றி. கான்டன் ஊர்க்காரர் வேய்ன் கவுண்டித் தாளில் போட வேண்டும், நோவை ஊர்க்காரர் ஓக்லண்ட் கவுண்டித் தாளில். மாறினால் அந்தக் கையெழுத்து செல்லாது. ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தீர்கள்.

இதில் என் மனசில் தனியாக நிற்பவர்கள் ஹெச்1பி விசாவில் இருந்த நம் பிள்ளைகள். அவர்களுக்கு ஓட்டும் கிடையாது, கையெழுத்துப் போடவும் முடியாது. தீபாவளி விழா நடந்த இடத்துக்கு வெளியே நடைபாதையில் மேசை போட்டபோது, ஒரு தம்பி வந்து, "எனக்கு ஓட்டு இல்லைக்கா, ஆனா மேசை தூக்குவேன்" என்றான். தூக்கினான். அப்புறம் ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்தான், என் பெண்ணைப் பார்த்துக்கொண்டான், வருகிறவர்களிடம் விஷயத்தை என்னைவிடத் தெளிவாக விளக்கினான். கிரீன் கார்டு வரிசையில் இன்னும் காத்திருக்கிறான். தம்பி, அன்று நிரம்பிய தாள்களில் பாதி உன்னுடையவை.

உழவர் சந்தையில், "இது உங்கள் கட்சிக்கு லாபமா?" என்று முகத்துக்கு நேரே கேட்ட குடியரசுக் கட்சிக்காரருக்கும் நன்றி. ஆணையத்தில் 4 பேர் அவர் கட்சி, 4 பேர் எதிர்க்கட்சி, 5 பேர் எதிலும் சேராதவர்கள், மூன்று பக்கமும் தலா இரண்டு பேராவது ஒப்புக்கொண்டால்தான் வரைபடம் நிறைவேறும் என்ற பத்தியைக் காட்டினேன். நின்ற இடத்திலேயே முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் மனைவியையும் கூட்டிவந்தார்.

மாநிலம் முழுக்கச் சேர்ந்த கையெழுத்துகள் 4,25,000க்கும் மேல். தேவைப்பட்டவை 3,15,654. வாக்குச்சீட்டில் ஏறக் கூடாது என்று தொடுத்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்தில் 4க்கு 3 என்று தள்ளுபடியானது. 2018 நவம்பர் வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள்.

சரி, இனி அன்று எழுதியிருந்தால் விட்டுப்போயிருக்கும் பெயர்கள். நாம் கொண்டுவந்த ஆணையமே 2021இல் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கூட்டம் நடத்தியது. டெட்ராய்ட் நியூஸ், ஃப்ரீ பிரஸ், பிரிட்ஜ் மிச்சிகன் பத்திரிகைகள் வழக்குப் போட்டன. அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவை வெளியிடச் சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பத்திரிகையாளர்களுக்கு நன்றி.

கடைசியாக, வழக்குத் தொடுத்த டெட்ராய்ட் கறுப்பின மக்களுக்கு. எங்கள் வட்டாரத்தில் நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வரைபடத்தில், உங்கள் தெருக்களைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்துப் புறநகரோடு ஒட்டியிருந்தார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் வந்து சொன்னீர்கள். "நல்ல வேலை நடக்கிறது, ஏன் குறை சொல்கிறார்கள்" என்று நானும் நினைத்தேன். 2023 டிசம்பரில் கூட்டாட்சி நீதிபதிகள் மூவர், 13 தொகுதிகள் இனத்தை முதன்மையாக வைத்து வரையப்பட்டவை, அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். கீழவைக்கான புதிய எல்லைகள் 2024 தேர்தலுக்கு வந்துவிட்டன. அந்தக் கூட்டங்களில் உங்கள் பக்கம் வந்து உட்காராததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வேலையை முடித்துவைத்தவர்கள் நீங்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அரசு ஆவணங்களை மக்கள் கேட்டுப் பெற வழிசெய்யும் தகவல் பெறும் சட்டம் மிச்சிகனில் 1976இல் வந்தது. ஆளுநர் அலுவலகமும் சட்டமன்றமும் அதற்கு இன்னும் வெளியே நிற்கின்றன. தச்சர் செய்த அட்டைகளில் ஆறு என் கராஜில் இருக்கின்றன. போன வாரம் துடைத்து வைத்தேன். கிளிப் எல்லாம் இறுக்கமாகவே இருக்கிறது.